புதைத்த சாமியும் தோண்டிய சாமியும்: மெக்சிகோவில் சில நாட்கள்

1790 ஆகஸ்ட் 13. மெக்சிகோ நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய சதுக்கத்தில் தரையைச் சீர்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. தோண்டிய இடத்தில் ஒரு பெரிய கல் தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு பெண் தெய்வம். தலை இருக்கவேண்டிய இடத்தில் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பாம்புத் தலைகள். கழுத்தில், வெட்டிய கைகளையும் இதயங்களையும் கோத்த மாலை. அதன் பதக்கம் ஒரு மண்டை ஓடு. பாவாடையே பின்னிப் பிணைந்த பாம்புகள்தான். அஸ்டெக்குகளின் கொவாட்லிக்குவே அவள், தெய்வங்களைப் பெற்ற தாய். நம்மூர் ஆள் யாராக இருந்தாலும் முதலில் காளி என்றுதான் நினைப்போம்.

அந்தக் காலத்து ஸ்பானிய ஆட்சியாளர்கள் அவளை உடைக்கவில்லை. பழம்பொருள்களை ஆராய்வது படித்தவர்களின் பெருமையாக மாறியிருந்த காலம் அது. பத்திரமாகப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் கடந்துபோன பூர்வகுடி மக்கள், யாரும் பார்க்காத நேரத்தில் மெழுகுவத்தியும் பூவுமாக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பாதிரியார்களுக்குப் பதற்றம். சரி என்று அதே வளாகத்தில் குழி தோண்டி மறுபடியும் புதைத்துவிட்டார்கள். 1803ல் ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டபோது தோண்டிக் காட்டினார்கள். அவர் பார்த்து முடித்ததும் திரும்பவும் மண்ணைப் போட்டு மூடினார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் அவள் நிரந்தரமாக வெளியே வந்தாள்.

அறிஞர் வந்தால் தோண்டலாம், பக்தர் வந்தால் புதைக்கவேண்டும். மெக்சிகோவில் நான் பார்த்த பழைய கற்களில் பாதிக்கு மேல் இப்படி ஒரு கதை இருக்கிறது. கல் யாருடையது, எங்கே இருக்கவேண்டும், யார் கும்பிடலாம், யார் காசு வாங்கலாம் என்ற சண்டை. பிரமிடுகளின் உயரமெல்லாம் மறந்துபோகும். இந்தச் சண்டைகள்தான் எனக்கு மனதில் நிற்கின்றன. அதனால் இந்தப் பதிவை வழக்கமான பயணக் குறிப்பு மாதிரி எழுத வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பயண நிறுவனங்கள் 'அஸ்டெக்-மாயா' என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒன்று என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. மாயர்கள் தெற்கே: மெக்சிகோவின் யுகட்டான், சியாபாஸ் பகுதிகள், குவாதமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் ஒரு பகுதி. அவர்களின் பெரிய நகரங்கள் கி.பி. 250 முதல் 900 வரை ஓங்கியிருந்தவை. அஸ்டெக்குகள் மத்திய மெக்சிகோவின் மேட்டு நிலத்துக்காரர்கள். அவர்களுடைய தலைநகர் டெனோச்டிட்லான் 1325ல்தான் ஓர் ஏரித் தீவில் உருவானது. பலேங்கே என்ற மாய நகரம் காட்டுக்குள் மறைந்து ஏறக்குறைய 500 ஆண்டு கழித்து. இரு தரப்பின் மொழிகளுக்கும் உறவு கிடையாது. இரண்டையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுபவர்களுக்கு நான் சொல்வது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது விடுமுறையை நீட்டிக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ நகரத்தில் பார்க்கவேண்டியது எல்லாம் காலுக்கு அடியில் இருக்கிறது. 1521ல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் டெனோச்டிட்லானைப் பிடித்தார். அதுவும் ஓர் ஆகஸ்ட் 13தான். கோவில்களை இடித்த அதே கற்களை வைத்து அதே இடத்தில் புது நகரத்தைக் கட்டினார்கள். ஏரியையும் காலப்போக்கில் வடித்துவிட்டார்கள். ஏரிப் படுகையின் களிமண்மேல் நிற்பதாலும் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதாலும் நகரம் இன்றும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பேராலயத்துக்குள் போய் நின்றால் தரை சாய்ந்திருப்பது காலுக்கே தெரியும்.

பேராலயத்துக்குப் பக்கத்திலேயே டெம்ப்ளோ மயோர். அஸ்டெக்குகளின் பெரிய கோவில். 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் கேபிள் பதிக்கக் குழி தோண்டியபோது ஒரு வட்டக் கல் கிடைத்தது. குறுக்களவு 3 மீட்டருக்கு மேல், எடை சுமார் 8 டன். அதில் கைகால் தலை எல்லாம் வெட்டுப்பட்டுச் சிதறிக் கிடக்கும் ஒரு பெண்ணின் உருவம். பெயர் கொயோல்ஷாவ்கி. அம்மா கொவாட்லிக்குவே கருவுற்றிருப்பதை அவமானமாக நினைத்து அவளைக் கொல்லக் கிளம்பிய மகள் இவள். வயிற்றில் இருந்த தம்பி ஹுயிட்சிலோபோச்ட்லி முழு ஆயுதத்தோடு பிறந்து, அக்காவை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான். பெரிய கோவில்தான் அந்த மலை. உச்சியில் அவனுக்கு ஒரு சன்னதி, பக்கத்திலேயே மழைத் தெய்வம் ட்லாலோக்குக்கு ஒரு சன்னதி. படிக்கட்டின் அடியில் அக்காவின் கல். மேலே பலி கொடுத்த உடல்கள் உருண்டு வந்து விழுந்தது அந்தக் கல்லின்மேல்தான். கதையைத் தெரிந்துகொண்டு அங்கே நின்றால் கட்டடம் மொத்தமும் புரிந்துவிடும். தெரியாமல் நின்றால் அது ஒரு கட்டுமானக் குப்பை மேடு, அவ்வளவுதான்.

எதுவார்டோ மாட்டோஸ் மொக்டெசூமா என்ற தொல்லியலாளர் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. அதற்காக மேலே இருந்த கட்டடங்கள் பலவற்றை இடித்தார்கள். கோவிலை 7 கட்டமாகப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பழையதை இடிக்காமல் அதன்மேலேயே புதியதைப் போர்த்திப் போர்த்திக் கட்டியிருப்பதால், இன்று ஒரே பார்வையில் பல படிக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன. வெளிப்புறக் கட்டங்களைத்தான் ஸ்பானியர்கள் இடித்தார்கள். உள்ளே பொதிந்திருந்த பழைய கோவில் தப்பித்துவிட்டது, ட்லாலோக் சன்னதி வாசலில் இருக்கும் சிலையின் வண்ணம் உட்பட.

அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் கோவிலுக்குக் காணிக்கையாகப் புதைத்த பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் ஒல்மெக் முகமூடி உண்டு. ஒல்மெக்குகள் அஸ்டெக்குகளுக்கு வெகு காலம் முந்தியவர்கள். அஸ்டெக்குகள் அதைப் புதைத்தபோதே அது 2000 ஆண்டுக்கு மேல் பழசு. அதாவது அவர்களும் தங்களுக்கு முந்தியவர்களின் பொருள்களைத் தேடிப் பொக்கிஷமாகச் சேர்த்திருக்கிறார்கள். தியோதிவாக்கனிலும் தோண்டியிருக்கிறார்கள். எல்லோரும் 'அஸ்டெக் பிரமிடு' என்று படம் போடும் தியோதிவாக்கன், அஸ்டெக்குகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாழடைந்துபோன நகரம். கட்டியவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பதே தெரியாது. சூரியப் பிரமிடு 60 மீட்டருக்கு மேல் உயரம். வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லை, தொப்பி முக்கியம். அதற்குமேல் நான் சொல்ல எதுவும் இல்லை. படங்களில் பார்த்தது அப்படியே இருந்தது.

பலியைப் பற்றிப் பேசாமல் நழுவ முடியாது. பெரிய கோவிலுக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் அடியில் 2015ல் மண்டை ஓட்டுக் கோபுரம் ஒன்று கிடைத்தது. சுண்ணாம்புச் சாந்து பூசி வட்டமாக அடுக்கிய மனிதத் தலைகள். இதுவரை 600க்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. கோர்டெஸின் ஆட்கள் இப்படி ஒன்றைப் பற்றி எழுதியதை, படையெடுப்பை நியாயப்படுத்தச் சொன்ன கட்டுக்கதை என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். எண்ணிக்கையை அவர்கள் ஏற்றிச் சொல்லியிருக்கலாம், ஆனால் பொருள் உண்மை. இதைக் காட்டி அஸ்டெக்குகளைக் காட்டுமிராண்டிகள் என்பவர்களிடமும் எனக்குப் பேச்சில்லை, இதையெல்லாம் 'மேலைநாட்டுச் சதி' என்று துடைப்பவர்களிடமும் பேச்சில்லை. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் மனிதர்களைக் கட்டிவைத்து உயிரோடு எரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்கிறேன்.

சபுல்டெபெக் பூங்காவில் இருக்கும் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1964ல் திறந்தது. கொவாட்லிக்குவே இப்போது அங்கேதான் நிற்கிறாள். சுமார் 24 டன் எடையுள்ள சூரியக் கல்லும் அதே கூடத்தில்தான். அதுவும் 1790லேயே கிடைத்தது, ஆனால் அதை யாரும் புதைக்கவில்லை. 1885 வரை பேராலயத்தின் சுவரில் வெளிப்பக்கம் பதித்து வைத்திருந்தார்கள். அதை நாள்காட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். நாள்காட்டிக்கு யாரும் பூ வைக்கமாட்டார்கள் அல்லவா.

அதே கூடத்தில் பச்சை இறகுகளால் ஆன ஒரு பெரிய தலையணி இருக்கிறது. அஸ்டெக் பேரரசர் மொக்டெசூமாவின் தலையணி என்று சொல்வார்கள். அவர் உண்மையில் அதை அணிந்தாரா என்பதற்கு ஆதாரம் இல்லை. நாங்கள் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து நின்றபிறகுதான் பெயர்ப்பலகையைப் படித்தோம். நகல். அசல் ஆஸ்திரியாவில், வியன்னாவில். மெக்சிகோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பழைய இறகுகள் பயண அதிர்வைத் தாங்காது என்று பதில் வருகிறது. "அப்பா, அங்கே போகும்போது மட்டும் எப்படித் தாங்கிச்சாம்?" என்று மகள் கேட்டாள். அப்போது அது கப்பலில் போயிருக்கும், புதுசாகவும் இருந்திருக்கும் என்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

வாசலில் நிற்கும் ட்லாலோக்கின் கதை இன்னும் நன்றாக இருக்கும். சுமார் 168 டன் எடையுள்ள, முடிக்கப்படாத சிலை. நகரத்துக்குக் கிழக்கே கொவாட்லின்சான் என்ற ஊரின் ஓடையில் படுத்துக் கிடந்தது. அது ட்லாலோக்கே இல்லை, ஒரு நீர்த் தேவதை என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது மழை கொடுக்கும் கல். அருங்காட்சியகத்துக்காக அரசு அதைக் கேட்டபோது, ஊரே எதிர்த்து நின்றது. கொண்டுபோக வந்த வண்டியைச் சேதப்படுத்தினார்கள். கடைசியில் ராணுவம் வந்தது. 1964 ஏப்ரலில், மழைக்காலம் தொடங்காத நேரத்தில், சிலை தலைநகருக்குள் நுழைந்த இரவு கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. நகரமே இதைச் சொல்லிச் சிரிக்கும். கொவாட்லின்சானில் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அங்கே இப்போது ஒரு நகல் நிற்கிறது. வியன்னாவிடம் அசலைக் கேட்கும் அருங்காட்சியகத்தின் வாசலில், நகலை மட்டும் திருப்பிக் கொடுத்த ஓர் அசல்.

பெரிய செலவில்லாமல் ஒன்று பார்க்கவேண்டுமா? பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நடைபாதையில் நடங்கள். 1967ல் சுரங்கம் தோண்டும்போது கிடைத்த, காற்றுத் தெய்வம் எஹெகாட்லின் சிறு வட்டக் கோவில் அப்படியே நடுவில் நிற்கிறது. அலுவலகம் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடித்த கோவில் அதுதான்.

அங்கிருந்து விமானத்தில் மெரிடா. யுகட்டானின் தலைநகர். மேட்டு நிலக் குளிரிலிருந்து இறங்கினால் ஏப்ரல் மாதத்து மதுரை வெக்கை. நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், மேலே ஆறு கிடையாது. தண்ணீரெல்லாம் பூமிக்குள் ஓடுகிறது. மேல்கூரை இடிந்து விழுந்த இடங்கள்தான் செனோட்டே என்ற இயற்கைக் கிணறுகள். நகரங்கள் பலவும் அவற்றை ஒட்டி எழுந்தவை. உஷ்மால் என்ற மாய நகரத்தின் பக்கம் செனோட்டே இல்லாததால் மழைநீரைப் பிடிக்க நிலத்தடித் தொட்டிகள் வெட்டியிருக்கிறார்கள். அங்கே சுவர் சுவராக மழைத் தெய்வம் சாக்கின் வளைந்த மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதன் காரணம் தொட்டிகளைப் பார்த்தால் விளங்கும். கட்டட அழகில் இன்னொரு மாய நகரமான சிச்சென் இட்சாவைவிட உஷ்மால் ஒரு படி மேல் என்பது என் கட்சி. கூட்டமும் குறைவு.

யுகட்டானில் பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் போகாத ஓர் ஊர் மானி. சிறிய ஊர், பெரிய பழைய மடாலயம். 1562 ஜூலை 12 அன்று பிரான்சிஸ்கன் பாதிரியார் டியேகோ தெ லாண்டா அங்கே ஒரு தீ மூட்டினார். ஞானஸ்நானம் பெற்ற மாயர்கள் ரகசியமாகப் பழைய சாமிகளைக் கும்பிடுவது தெரியவந்ததால் வந்த கோபம். நூற்றுக்கணக்கானவர்களைச் சித்திரவதை செய்தார்கள். கிடைத்த சிலைகளை உடைத்தார்கள். அத்திமரப் பட்டையில் எழுதி மடித்து வைத்திருந்த மாயச் சுவடிகளைக் கொளுத்தினார்கள். அவற்றில் பேய்களின் பொய்யைத் தவிர வேறு இல்லை, கொளுத்தியதில் அந்த மக்கள் வியக்கும் அளவுக்கு வருந்தினார்கள் என்று லாண்டாவே எழுதிவைத்திருக்கிறார். இன்று உலகம் முழுவதிலும் மிஞ்சியிருக்கும் மாயச் சுவடிகள் நான்கே நான்கு. மூன்று ஐரோப்பாவில் இருக்கின்றன: டிரெஸ்டன், பாரிஸ், மாட்ரிட் நகரங்களில். ஒன்று மட்டும் மெக்சிகோவில். அது போலியோ என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்து 2018ல்தான் தீர்ந்தது.

வரம்பு மீறினார் என்ற புகாரில் லாண்டாவை ஸ்பெயினுக்குத் திருப்பி அழைத்தார்கள். அங்கே இருந்தபோது யுகட்டானைப் பற்றி அவர் விரிவாக ஒரு கையெழுத்துப் பிரதி எழுதினார். மாயர்களின் நாள்காட்டி, சடங்கு, சாப்பாடு, உடை எல்லாம் அதில் வருகிறது. மாய எழுத்து இன்ன இன்ன என்று ஒரு 'அரிச்சுவடி'யும் போட்டார். அவர் ஸ்பானிய எழுத்துகளின் பெயரைச் சொல்ல, எதிரே இருந்த மாய எழுத்தர் அந்த ஒலிக்கு உரிய குறியை வரைந்து காட்டியிருக்கிறார். அது அரிச்சுவடியே இல்லை, அசை எழுத்து. பிற்பாடு பிரதி கிடைத்தபோது அறிஞர்கள் குழம்பிப்போய், இதெல்லாம் உதவாது என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

1952ல் சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடில், மாயர்களின் நிலத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத யூரி க்னோரோசோவ் என்ற இளைஞர் அதைத் திரும்ப எடுத்தார். குறிகள் அசைகளைச் சுட்டுகின்றன என்று வைத்துக்கொண்டு படித்தால் சுவடிகளில் வான்கோழியும் நாயும் சரியாக அந்தந்தப் படத்தின் மேலேயே வந்து நிற்கின்றன என்று காட்டினார். அமெரிக்காவில் இருந்த பெரிய நிபுணர் கடைசிவரை ஏற்கவில்லை. பனிப்போர் காலம் வேறு. ஆனால் திறவுகோல் அதுதான். இன்று மாயக் கல்வெட்டுகளின் பெரும்பகுதியைப் படிக்க முடிகிறது என்றால், எரித்தவர் எழுதிவைத்த அந்தப் பக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மஞ்சள் வண்ணம் பூசிய அழகான இசமால் ஊரில், மாயக் கோவில் மேடையின் மேலேயே கட்டிய மடாலயத்துக்கு அருகில் லாண்டாவுக்குச் சிலை இருக்கிறது. மெரிடாவில் க்னோரோசோவுக்கும் சிலை உண்டு, அவருடைய பூனையோடு. முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், தூரம் சுமார் 70 கிலோமீட்டர்தான்.

சிச்சென் இட்சா. போகாமல் இருக்க முடியாது, போனால் எரிச்சல் வராமலும் இருக்காது. இறகுப் பாம்புத் தெய்வம் குகுல்கானின் பிரமிடில் நான்கு பக்கமும் தலா 91 படிகள், உச்சி மேடையோடு சேர்த்து 365. சம இரவு நாட்களில் மாலை வெயில் வடக்குப் படிக்கட்டின் ஓரச் சுவரில் பாம்பு இறங்குவது மாதிரி நிழல் போடும். அன்றைக்குக் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களிலும் குறையொன்றுமில்லை. பிரமிடுக்கு முன்னால் நின்று கைதட்டினால் கெட்சல் பறவை கூவுவது போல எதிரொலி வரும். வழிகாட்டிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுவதால் பறவைக்கே குழப்பம் வந்துவிடும். பந்தாட்டக் களம் 168 மீட்டர் நீளம். அந்தப் பிரதேசத்திலேயே பெரியது.

பிரமிடைவிட எனக்கு ஆர்வம் தந்தது அந்த நிலத்தின் பத்திரக் கதை. 1894ல் அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதி எட்வர்டு தாம்சன் அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கினார். இடிபாடுகளும் அதற்குள் அடக்கம். புனிதச் செனோட்டேயில் வாரியை இறக்கித் தூர்வாரி, தங்கம், பச்சைக்கல், தூபப் பிசின், மனித எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். மெக்சிகோ வழக்குப் போட்டது. பிற்பாடு ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தது. நிலம் அப்புறம் ஓர் உள்ளூர்ச் செல்வக் குடும்பத்திடம் போனது. நினைவுச்சின்னங்கள் நாட்டுக்குச் சொந்தம், அவை நிற்கும் மண் தனியாருக்குச் சொந்தம் என்ற விசித்திர ஏற்பாடு 2010 வரை நீடித்தது. அந்த ஆண்டுதான் யுகட்டான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்து மண்ணை வாங்கியது. இன்றைக்கும் நுழைவுச்சீட்டுக் கட்டணம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மத்தியத் தொல்லியல் நிறுவனத்துக்கு, இன்னொரு பங்கு மாநில அரசுக்கு.

உள்ளே நடைபாதைகளின் இரு பக்கமும் வியாபாரிகள். மர முகமூடி, போர்வை, ஊதினால் சிறுத்தை உறுமும் மண் ஊதல். "ஒன் டாலர்" என்ற குரல் காதை விட்டுப் போவதில்லை. தொல்லியல் தலத்துக்குள் சந்தையா என்று சலித்துக்கொள்ளாத பயணி இல்லை, நானும் சலித்துக்கொண்டேன். ஊதல் விற்ற அம்மா பக்கத்துக் கடைப் பெண்ணிடம் பேசியது ஸ்பானிஷ் இல்லை, மாயா. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். இவர்களை வெளியேற்றவேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. தாம்சன் வாங்கலாம், பண்ணைக் குடும்பம் வைத்திருக்கலாம், அரசு இரண்டு பங்காகக் கட்டணம் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த அம்மா ஊதல் விற்கக்கூடாது என்றால் எனக்குச் சரியாகப் படவில்லை. யுகட்டானின் மாயா மொழியை மெக்சிகோவில் மட்டும் 7.5 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். அஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியை 16 லட்சம் பேருக்கு மேல். 'மறைந்துபோன நாகரிகம்' என்று எழுதும் விளம்பரக்காரர்கள் இவர்களிடம் கேட்டுவிட்டு எழுதலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணில் விளைவித்துப் பழக்கியவை. நம் குழம்புக்கு அவை வந்து 500 ஆண்டுகூட ஆகவில்லை. சப்போட்டாவின் பூர்வீகமும் அந்தக் காடுதான். குவாதமாலாவின் டிக்கால் கோவில்களில் மாயர்கள் வாசல் உத்தரமாக வைத்த சப்போட்டா மரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் உளுக்காமல் நின்றிருக்கிறது. அதன் பாலிலிருந்துதான் நவீனச் சூயிங்கம் வந்தது. கலக்முல் என்ற பெரிய மாய நகரத்தை 1931ல் கண்டெடுத்து வெளியுலகுக்குச் சொன்னவர், சூயிங்கப் பிசின் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு தாவரவியலாளர். இன்னொன்று சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, தோலைக் கழுவி, பிறகுதான் அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நயாசின் சத்து உடம்பில் சேரும். சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட இத்தாலிய ஏழைகளுக்கும், பிற்பாடு அமெரிக்காவின் தென்மாநில மக்களுக்கும் பெலாக்ரா நோய் வந்து ஏராளமானோர் செத்தார்கள். மெரிடா சந்தையில் அரைத்த மாவை வாங்க அதிகாலையில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். சுண்ணாம்பு வாசனையோடு சூடாக ஒரு தொர்தியா, மேலே கொஞ்சம் உப்பு. எனக்கு அதுவே போதும்.

பலேங்கே சியாபாஸ் மாநிலத்தில், மலையடிவாரக் காட்டில் இருக்கிறது. ஊளைக்குரங்குகளின் சத்தத்தை முதலில் கேட்டபோது மனைவி என் கையைப் பிடித்துவிட்டாள். ஏதோ பெரிய மிருகம் என்று நினைத்திருக்கிறாள். நானும்தான், சொல்லவில்லை. 615 முதல் 683 வரை ஆண்ட பக்கால் மன்னரின் கல்லறை அங்குள்ள கல்வெட்டுக் கோவிலுக்குள் இருக்கிறது. 1949ல் அல்பெர்ட்டோ ரூஸ் என்ற தொல்லியலாளர், தரைக் கல் ஒன்றில் வரிசையாகத் துளைகளும் அவற்றுக்கு மூடிகளும் இருப்பதைக் கவனித்தார். கல்லைத் தூக்கினால் கீழே ஒரு படிக்கட்டு, முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தது. அதைச் சுத்தம் செய்து அடிவரை போக 1952 ஆகிவிட்டது. கீழே செதுக்கிய மூடியோடு பெரிய கல் பேழை, உள்ளே பச்சைக்கல் முகமூடி அணிந்த மன்னர். அந்த மூடியிலுள்ள ஓவியத்தைப் பார்த்து, ராக்கெட் ஓட்டும் விண்வெளி வீரர் என்று கிளப்பிவிட்ட ஒரு கூட்டம் உண்டு. பாதாளத்தின் வாயில் கிடக்கும் மன்னரும் அவர்மேல் எழும் உலக மரமும்தான் அது.

முகமூடி தலைநகர அருங்காட்சியகத்துக்குப் போனது. 1985 கிறிஸ்துமஸ் இரவில் அங்கிருந்து திருட்டுப் போனது. கூடவே நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள். சர்வதேசக் கடத்தல் கும்பல் என்று உலகமெல்லாம் தேடினார்கள். 1989ல் பிடிபட்டபோது பார்த்தால், கால்நடை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட இரண்டு இளைஞர்களின் வேலை. பக்காலின் முகம் அதே நகரத்தில் ஒரு வீட்டு அலமாரியில் பைக்குள் கிடந்திருக்கிறது. ரூஸுக்குக் கல்வெட்டுக் கோவிலுக்கு எதிரேயே சின்னக் கல்லறை இருக்கிறது. பக்காலின் கல்லறைக்குள் பொதுமக்களை இப்போது விடுவதில்லை. தல அருங்காட்சியகத்தில் பேழையின் நகலைப் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் நகல்களுக்குப் பழகிவிட்டோம்.

கடைசியாக சான் ஹுவான் சமுலா. சான் கிறிஸ்டோபல் நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். சோட்சில் மொழி பேசும் மாயர்களின் ஊர். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையும் பச்சையுமாக ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். உள்ளே உட்கார இருக்கைகள் கிடையாது. தரை முழுக்கப் பைன் இலை பரப்பியிருக்கிறார்கள். அதை விலக்கிவிட்டுத் தரையிலேயே மெழுகுவத்திகளை வரிசையாக ஒட்டி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து முணுமுணுக்கிறார்கள். ஓரங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் புனிதர்கள், அவர்கள் மார்பில் முகம் பார்க்கும் கண்ணாடி. முட்டை, கரும்புச் சாராயம், கோக கோலா பாட்டில். ஒரு கிழவி நோயாளி ஒருவரின் தலையைச் சுற்றிக் கோழியைத் தடவி, அங்கேயே கழுத்தைத் திருகினார். பாதிரியார் ஞானஸ்நானம் கொடுக்க வந்துபோவாராம், மற்றபடி தேவாலயத்தை நடத்துவது ஊர்தான்.

உள்ளே போக ஊர் அலுவலகத்தில் சீட்டு வாங்கவேண்டும். அந்தக் காசு ஊருக்குப் போகிறது. படம் எடுக்கவே கூடாது. வாசலில் நின்ற கம்பளி மேலாடைக்காரர் என் கைப்பேசியைக் காட்டி, பையில் போடச் சொல்லி, போட்ட பிறகுதான் வழிவிட்டார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் உள்ளே போய்ச் சட்டென்று ஒரு படம் எடுக்கப் பார்த்தார். இரண்டு பேர் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், அவர் எல்லாவற்றையும் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டாம், ஆனால் கிளம்பும் முன் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாயா ரயில் 2023 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. கான்கூன், மெரிடா, பலேங்கே எல்லாவற்றையும் தொடுகிறது. காட்டை வெட்டியும் செனோட்டேகளுக்கு மேலே தூண் நாட்டியும் போட்ட பாதை என்று அதற்குக் கடும் எதிர்ப்பும் உண்டு, ஏறுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். சிச்சென் இட்சாவுக்குக் கான்கூனிலிருந்து பேருந்தில் வராதீர்கள். முந்தைய இரவு வயதோலித் என்ற பக்கத்து ஊரில் தங்கி, காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். சமுலாவுக்கு சான் கிறிஸ்டோபல் சந்தைப் பக்கத்திலிருந்து பங்கு வேன் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் ஊர்ச் சந்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.